லாரியில் முடிந்த புத்தகம்

என் மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் வருடத்தில் நாலு பேப்பர் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். காலடிப்பேட்டை வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து படிப்பாள். பாடப் புத்தகம் அல்ல. ஜப்பான் படக்கதை. சிநேகிதி கொடுத்தது. நான் உள்ளே வந்தால் அது தலையணைக்கு அடியில் போகும்.

ஒளித்து வைக்கிற புத்தகத்தை நான் நம்புவதில்லை. ஒருநாள் காலை அவள் குளிக்கப் போனபோது அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகக் கேட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நிற்கும். சமயத்தில் அரை நாள். முன் வண்டி நகர்ந்தால் உடனே நகர வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் இன்னொருவன் மூக்கை நுழைப்பான்.

அன்று முன் வண்டியைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்து இங்கிலீஷ். எனக்கு வராது. படம் புரிந்தது. ஒரு பெண் கத்தியோடு பெரிய பறக்கும் பல்லி மேல் நிற்கிறாள். ஊரே கும்பிடுகிறது. பக்கம் தள்ளத் தள்ள, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கத்தி காணோம். காட்டில் தனியாகக் கிடந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு ரோடு. ஒரு லாரி. முன்னால் அவள். டிரைவர் முகத்தை வரையவே இல்லை.

இதையா ஒளித்து ஒளித்துப் படிக்கிறாள்? லாரிக்கு முன்னால் தானாக வந்தவர்களைப் பற்றி டிரைவர்கள் பேசுவதுண்டு. மெதுவாகத்தான் பேசுவார்கள்.

பின்னால் ஹாரன். மூன்று வண்டி என்னைத் தாண்டிப் போயிருந்தது.

"இன்னா மாமு, பரீட்சைக்குப் படிச்சிகினு கீறியா?" என்று ஒருவன் கத்தினான். "பாஸாயிட்டு வா, கேட்டு அங்கயேதான் கீது!"

சாயங்காலம் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மா இது? நல்லா இருந்த பொண்ண கடசீல லாரில வுட்டு சாவடிச்சிட்டான்."

என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

"ஐயோ நைனா, பின்னாலேர்ந்து படிச்சிகீற. ஜப்பான் புக்க வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும். லாரிதான் ஆரம்பமே. அதுல அடிபட்டுதான் அந்தப் பொண்ணு வேற உலகத்துக்குப் போவுது."

ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். தினம் அதைச் செய்கிற நான் இதில் ஏமாந்தேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. கடைசியில் இருந்த லாரி முதலில் வந்தால் நல்லதாகிவிடுமா? செத்தால் நன்றாக இருக்கலாம் என்று சொல்கிற மாதிரிதான் பட்டது.

"உனுக்கும் அப்டி எங்கனா போணும்னு கீதா?"

சிரிப்பு நின்றது.

"இல்ல நைனா." புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அங்க போற பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. இது இன்னா, அது இன்னான்னு கேட்டுகினே இருக்கும். எல்லாரும் சொல்லித் தருவாங்க. புதுசா படிக்கிறவங்களுக்கும் கூடவே புரிஞ்சிடும். காலேஜில கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு சிரிக்கிறாங்க. கேக்கறத வுட்டுட்டேன்."

நாலு பேப்பர் எப்படிப் போனது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வலது பக்கத்திலிருந்து காட்டச் சொன்னேன். கத்தி யார் கொடுத்தது, பல்லி ஏன் வந்தது என்று கேட்டேன். ஒரு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் சொன்னாள்.

அந்த 'இல்ல'வை மட்டும் முழுதாக நம்பவில்லை.

அடுத்த வாரம், புத்தகத்தைச் சிநேகிதியிடம் திருப்பிக் கொடுக்க டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன் என்றாள். துறைமுக லாரிகள் ஓயாமல் போகிற ரோடு அது. எனக்கு அன்று லோடு இல்லை. சொல்லாமல் முன்னாலேயே போய் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு ட்ரெய்லர் வந்தது. வலது பார்த்தாள். இடது பார்த்தாள். மறுபடியும் வலது. அது போகும்வரை இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். அப்புறம்தான் ரோட்டைக் கடந்தாள்.

நான் ஒரு டீ சொன்னேன்.