பெயர் இல்லாத ஒரு 286

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது பொன்னேரியில். 2000க்குப் பிறகு அந்தப் பேட்டையில் இருந்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறின. பழையவை எடைக்குப் போயின. ஹைவே ஓரத்தில் பழவேற்காட்டுக்கார பாய் ஒருவர் காயலாங்கடை வைத்திருந்தார். அவை அவரிடம்தான் வந்து குவியும். ஷிப்ட் முடிந்து ரயிலுக்கு நேரமிருந்தால் நான் அங்கே போய் நிற்பேன்.

மற்றவர்கள் அந்தக் குவியலில் செம்பையும் அலுமினியத்தையும் பார்த்தார்கள். எனக்கு ஒவ்வொரு பெட்டியும் யார், எந்தக் காலத்து ஆள் என்று தெரிந்தாக வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் பெயரை நம்ப முடியாது. மூடியைக் கழற்றிச் சிப்புகளின் முதுகைப் பார்க்க வேண்டும். நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். எண்பத்தெட்டாம் வருடத்து சர்க்யூட் பலகையில் தொண்ணூற்றிரண்டாம் வருடத்துச் சிப் உட்கார்ந்திருந்தால், நடுவில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிக் கண்டுபிடிக்கும் கணங்களில் எனக்குப் பசி தெரியாது.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். எங்கள் மில்லிலேயே ஸ்டோர்ஸில் வேலை. ஆரம்பாக்கத்துக்காரன், வீட்டில் தெலுங்கு. அவனுக்குப் பெட்டியின் பூர்வீகம் பற்றி அக்கறை இல்லை. இன்னும் எவ்வளவு மெமரி ஏறும், இன்னும் என்ன கார்டு செருகலாம் என்பதுதான் அவன் கேள்வி. எனக்கோ பழையது பழையபடியே இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ மாற்றினால்கூட மனசு கேட்காது.

2004 வாக்கில் பாய் கடையில் ஒரு 286 கிடைத்தது. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய நாட்களின் மாடல். கனமான தகரப் பெட்டி. முன்பக்கம் பெயர் ஒட்டும் பள்ளம் இருந்தது, பெயர் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி ஒழுகிப் பச்சைப் பாசி பிடித்திருந்தது. பலகையைத் திருப்பியபோது பின்னால் மெல்லிய நீல ஒயர்கள் கையால் ஈயம் வைத்து இழுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொட்டும் கடுகு போலப் பளபளத்தது. இதே பேட்டையில் மூடிப்போன ஏதோ சின்ன கம்பெனியில் செய்தது என்பதற்கு மேல் பாய்க்கும் ஒன்றும் தெரியவில்லை.

வினிகர் தொட்ட பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தெடுத்தேன். பலகையில் அறுந்த செம்புத் தடங்களை ஒயர் வைத்து இணைத்தேன். பல நாள் மௌனத்துக்குப் பிறகு ஒருநாள் அது ஒரு பீப் கொடுத்துத் திரையில் எழுத்தைக் காட்டியது. மறுநாள் காலை கூட்டாளியிடம் சொன்னேன். அவன் முதலில் கேட்டது மெமரி எவ்வளவு என்று. பலகையில் மெமரி சிப்புக்கான ஒரு வரிசை காலியாக, சிப் செருகும் சாக்கெட் கூட இல்லாமல் வெறும் ஓட்டையாக இருக்கிறது என்றேன். உடனே நிரப்பிவிடலாம் என்றான். கைவைக்க விடமாட்டேன் என்றேன்.

பேட்டை வாசலில் நாங்கள் நாஷ்டா சாப்பிடும் மெஸ்ஸில் இந்தச் சண்டை நடந்தது. "அப்பிடியே வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற நைனா? சூடம் காட்டப்போறியா?" என்று அவன் கேட்டான்.

மெஸ் நடத்தும் அக்கா சாம்பார் வாளியோடு எங்கள் பக்கத்தில் நின்றுவிட்டார். நாற்பதை நெருங்கும் வயது. அதுவரை கூடக் கொஞ்சம் சட்னி கேட்பதைத் தவிர அவரிடம் நாங்கள் அதிகம் பேசியதில்லை. அந்தப் போர்டு எந்தக் கலர், ஒயர் எந்தக் கலர் என்று கேட்டார். சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் பேட்டையில் அப்படி ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொன்னார். மாடியில் நீள மேசை, வரிசையாகப் பெண்கள், எல்லார் கையிலும் சால்ட்ரிங் அயர்ன். போர்டில் தப்பு இருப்பது பின்னால் தெரிந்ததால், ஒவ்வொன்றிலும் நீல ஒயர் இழுத்துச் சரிசெய்தார்களாம். எங்கள் சண்டை எதைப் பற்றி என்று விசாரித்தார். நான் என் பக்கத்தைச் சொன்னேன்: செய்தவர்கள் செய்தபடியே இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை என்று.

"அந்த ஓட்டைல ஈயம் பூந்துடாம பாத்துக்கோ, பாத்துக்கோன்னு சூப்பர்வைசர் உசுர எடுப்பாரு," என்றார் அக்கா. "வாங்கறவங்க பின்னால சிப்பு போட்டுக்கணும்னுதான் காலியா உட்டோம். யாரும் போடலியா தம்பி?"

கூட்டாளி சிரிப்பான் என்று பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. போட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. அக்கா ரயிலேறிப் பொன்னேரிக்கு வந்தார். கூட்டாளி எங்கெங்கோ தேடிச் சாக்கெட்டும் சிப்பும் கொண்டுவந்திருந்தான். பலகையைத் திருப்பிக் காட்டினேன். தன் கைவேலைதானா என்று அடையாளம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். எல்லோரும் ஒரே மாதிரி வைக்கத்தான் பழக்கினார்களாம்.

சாக்கெட் வைக்கிறீர்களா என்று அயர்னை நீட்டினேன். கை மறந்திருக்கும் என்று தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார். முதல் இரண்டு பொட்டு பெரிதாகி வழிந்தன. அதன்பின் ஒவ்வொன்றும் கடுகளவில் விழுந்தது. சாக்கெட்டுகள் முடிந்ததும் கூட்டாளி சிப்புகளைச் செருகினான். போட்டால் திரை வரவில்லை, தொடர்ந்து பீப். அக்கா முகம் வாடிவிட்டது. தேடிப் பார்த்ததில் ஒரு சிப்பின் கால் மடங்கி உள்ளே போகாமல் இருந்தது. நிமிர்த்திச் செருகி மறுபடி போட்டேன்.

மூலையில் மெமரி எண் ஏறத் தொடங்கியது. பழைய அளவில் நிற்காமல் அதைத் தாண்டிப் போயிற்று. கூட்டாளி தொடையில் தட்டினான். அக்கா மட்டும் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இது ஓடிப் பாத்ததே இல்ல தம்பி," என்றார். "ஆன் பண்ணிப் பாக்கற ரூம் வேற. அங்க ஆம்பளைங்க மட்டும்தான். நாங்க முடிச்சிக் குடுத்தா எடுத்துக்கினு பூடுவாங்க."

இது என்ன செய்யும் என்று கேட்டார். திரையில் C என்ற எழுத்தும் துடிக்கும் ஒரு கோடும் நின்றன. கடைசியில் கூட்டாளி பந்தடிக்கும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நேரம் ஆடினார். மாவு அரைக்க வேண்டும் என்று மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று ராத்திரி அறையில் அடுக்கியிருந்த மற்ற பெட்டிகளைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வருடம், வாரம், சிப் தயாரான ஊர் வரைக்கும் தேடியவன், ஒரு மேசையையும் அதன் முன் உட்கார்ந்தவர்களையும் நினைத்ததே இல்லை. பூர்வீகத்தைத் தேடுவதை நான் விடவில்லை. ஆனால் காலி இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதுதான் மரியாதை என்று அதற்குப் பிறகு வாதாடவில்லை.

சில வாரம் கழித்து அக்கா இன்னொருவரை அழைத்து வந்தார். அதே மேசையில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவராம். இப்போது ஆரணியில் துணிக்கடை. பெட்டியைப் போட்டுக் காட்டினேன். அவரும் எண் ஏறி முடியும்வரை பார்த்தார், "பரவால்லியே" என்றார். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எங்கே வாழ்க்கைப்பட்டாள், மாடியில் பூட்டிவைத்த ஜன்னலைத் திறக்கச் சொல்லி இவர்கள் ஒருநாள் வேலையை நிறுத்தியது என்று அந்த நடுப்பகல் முழுக்கப் பேசினார்கள். யாரும் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் கிளம்பும்வரை நான் அதை அணைக்கவும் இல்லை.