மடக்குக் கத்திக் குழந்தைவேல்

பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற ஆட்களைக் கண்டால் குழந்தைவேலுக்கு ஆகாது. டீ டம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, வேட்டியை ஒரு பக்கம் தூக்கி, உள்ளே போட்டிருக்கும் பட்டாபட்டி டவுசரின் பைக்குள் கையை விடுவார். சிவப்புக் கைப்பிடி தேய்ந்துபோன மடக்குக் கத்தி வெளியே வரும். கட்டைவிரல் நகத்தால் அதிலிருந்து சின்னக் கத்தரியை நிமிண்டி எடுத்து, பாக்கெட்டின் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டுவார். பிறகு கத்தரியை வேட்டித் தலைப்பில் துடைத்து மடக்கிய பின்தான் முதல் பிஸ்கட் டீயில் நனையும். "அவசரப்பட்டுக் கிழிச்சா நாலு பிஸ்கோத்து மண்ணுக்குப் போயிருமுங்க. எதுக்கும் ஒரு பக்குவம் இருக்குதுங்கல்ல" என்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஆறு தோட்டங்களில் மாடு கறந்து கொடுப்பது அவருடைய தொழில். காலையிலும் சாயங்காலமும் டி.வி.எஸ். வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். வயது ஐம்பத்து நாலு. மடியைக் கழுவி விளக்கெண்ணெய் தொட்டு உட்கார்ந்தால் உதைக்கிற மாடுகூடக் காலை அகட்டி நிற்கும். கறக்கும்போது மாட்டோடு பேசிக்கொண்டே இருப்பார். மனிதர்களிடம் பேசுவதைவிட அதில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். "நில்லு சாமி, ஆச்சு சாமி, இன்னொரு ரெண்டு பீச்சு சாமி."

வாலிபத்தில் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றியவர். ராய்ப்பூர் பக்கத்துச் சந்தை ஒன்றில் வாங்கியதுதான் அந்தக் கத்தி. பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், கத்தரி, திருப்புளி, டின் திறக்கிறது, ஊசி, முள் எடுக்கிற இடுக்கி என்று மொத்தம் பதினோரு சாமான் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பத்துக்கு வேலை தெரியும். பதினோராவது ஒரு சின்னக் கொக்கி. அது எதற்கென்று யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொன்னதில்லை.

அந்தக் கத்தியால் அவர் செய்து கொடுக்காத உபகாரம் இல்லை. குதிகாலில் ஏறிய கருவேல முள், மூக்குக் கண்ணாடியின் கழன்ற திருகு, தீவன மூட்டையின் தையல், குளம்பில் சிக்கிய கல், எல்லாவற்றுக்கும் ஆளைத் தேடி வருவார்கள். ஆகாத வேலையும் உண்டு. ரம்பம் அகத்திக் கிளையை அறுக்கும், வேப்பங்கிளையில் பாதியில் நின்றுவிடும். கத்தரி நகம் வெட்டும், துணியை மென்று துப்பும். திருப்புளிக்குக் கை குட்டை. மோட்டார் பெட்டித் திருகு இரண்டின் தலையை மழுக்கியதோடு சரி. "அதுலயே சோறு ஆக்கித் தின்னுங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்" என்று அவர் மனைவி செல்லாயி மாதம் ஒரு தடவையாவது சொல்வாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். யார் கத்தி கேட்டாலும் கையில் கொடுக்கமாட்டார். கீழே வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படியே. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது ஊர் அறிந்த சங்கதி. மற்றவர்கள் அவசரத்தில் மறந்துபோவார்கள், இவர் மறந்ததில்லை. ஒரு கிடா விருந்தில் சகலையின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை அதற்குச் சாட்சியாகச் சொல்வார். சண்டை வாய்க்கால் தண்ணீரால் வந்தது என்று செல்லாயி சொல்வாள். அவர் காதில் வாங்கமாட்டார்.

அந்தக் கத்திக்குப் பெரிய பேர் வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். அடைமழையில் பாலம் முங்கிக் கிடந்த நாள். ராசப்பன் தோட்டத்து நாட்டு மாட்டுக்குத் தொண்டையில் குச்சிக்கிழங்குத் துண்டு சிக்கி, வயிறு பானையாக ஊதிவிட்டது. எந்த டாக்டரும் வர வழியில்லை. முன்பு எங்கோ ஒரு டாக்டர் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பசிக்குழியில் குத்திக் காற்றை இறக்கியதைக் குழந்தைவேல் தூரத்தில் நின்று பார்த்திருந்தார். பெரிய அலகை நிமிண்டினார், குத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, மாடு திமிறிய திமிறலில் கிழங்கும் உள்ளே இறங்கிவிட்டது. மறுவாரம் அது வைக்கோல் தின்றது. அன்றிலிருந்து டீக்கடையில் அவர் பெயர் கத்தி டாக்டர். வெளியில் வேண்டாம் வேண்டாம் என்பார். உள்ளுக்குள் அது இனித்தது. அந்த இனிப்புதான் பிறகு வினையாயிற்று.

போன மார்கழியில் ஒரு மதியம். உண்ணாமலைக்கு இருந்தது ஒரே மாடு. நெற்றியில் வெள்ளை விழுந்த ஜெர்சிக் கலப்பு, பெயர் சுட்டி. புருஷன் போன பிறகு அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அவள் மகள் ரஞ்சிதாவை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சுட்டியைக் கறப்பதும் குழந்தைவேல்தான். ஆள் அனுப்பியதும் ஓடினார். அதே கிழங்குத் துண்டு, அதே ஊதிய வயிறு. உண்ணாமலை கையில் செல்போனோடு நின்றிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுறட்டுங்களா?"

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் முடிச்சிருவேன் அம்மிணி. போன வெய்யி."

அவள் போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சுட்டி நாட்டு மாடு அல்ல. தோலும் கனம், சதையும் கனம். இரண்டரை அங்குல அலகு பிடி வரைக்கும் இறங்கியது. கத்தி உள்ளே இருந்தவரை காற்று சீறி வந்தது, உருவியதும் நின்றுவிட்டது. சதை நகர்ந்து துளையை மூடிக்கொண்டது. மறுபடி குத்தினார். மறுபடி சீறல், மறுபடி அடைப்பு. நாலாவது குத்தும் அப்படியே ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ராசப்பன் நிலைமையைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சௌந்தர்யா ஸ்கூட்டரில் வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. சுட்டி அதற்குப் பத்து நிமிஷம் முன்பே கண்ணைச் செருகிவிட்டது.

டாக்டர் அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக அழைத்துப் போய்த் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். கூரான கம்பி, அதைச் சுற்றி ஒரு குழாய். குத்திவிட்டுக் கம்பியை உருவினால் குழாய் உள்ளேயே நிற்கும். அன்றைக்குத் தூரத்தில் நின்று பார்த்தபோது குழந்தைவேல் குத்தியதைத்தான் பார்த்தார், குழாயைப் பார்க்கவில்லை. "உங்க கத்தி ஓட்டை போடும். அதைத் திறந்து வச்சிருக்காது" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "முன்னாடியே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா வந்திருப்பேனே, குழந்தைவேல்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போது எந்தத் தோட்டத்தில் மாடு பெருமூச்சு விட்டாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க" என்பதுதான். பெரிய அலகை அவர் மறுபடி நிமிண்டவே இல்லை. கழுவாமல் மடக்கிய அன்றைய கறை உள்ளேயே காய்ந்து கிடக்கிறது. கத்தரியும் இடுக்கியும் பழையபடி வேலை செய்கின்றன. டீக்கடையில் யாராவது பழக்கதோஷத்தில் "வாங்க டாக்டரே" என்று சொல்லிவிட்டால், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். "ஆனைக்கும் அடி சறுக்குமுங்க" என்று ராசப்பன் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "சறுக்கினது நானுங்க. உழுந்தது அந்த உண்ணாமலைப் புள்ளைங்க" என்றார் குழந்தைவேல்.

சுட்டியின் கன்றை உண்ணாமலை அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். இப்போது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. காலை ஆறு மணிக்குப் பண்ணை வேன் வரும். குழந்தைவேல் கேனோடு போகிற அதே நேரம், அவள் தூக்குப்போசியோடு ரோட்டில் நிற்பாள். "வாரேனுங்ண்ணா" என்று முன்னைப்போலவே சொல்லிவிட்டு வேனில் ஏறுவாள். அந்த முன்னைப்போலதான் அவரைக் கொன்றது. ஒரு தடவை முறைத்திருக்கலாம், முகத்தைத் திருப்பியிருக்கலாம். எட்டு மாதமாக ஒன்றும் இல்லை.

டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பியது எத்தனையோ நாள். ஒரு சாயங்காலம் துணிந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நா போன வெய்யின்னு சொல்லாம இருந்திருந்தா, மாடு பொழைச்சிருக்கும் அம்மிணி. டாக்டரம்மாவே சொன்னாங்க." உண்ணாமலை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "அதோட ஆயுசு அவ்வளவுதானுங்ண்ணா" என்றாள். "நீங்க மெனக்கெட்டு ஓடி வந்தீங்க, அதுக்கு நா என்னத்தச் சொல்லட்டும்." ஒரு டம்ளர் கடுங்காப்பி கொடுத்தாள். பால் இல்லை. அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவர் குடித்த முதல் பாலில்லாத காப்பி. சொட்டு விடாமல் குடித்தார். வீட்டுக்கு வந்து செல்லாயியிடம், "ரெண்டு வார்த்த திட்டி வஞ்சிருந்தா நிம்மதியாத் தூங்குவேன். வையவே மாட்டேங்குது அந்தப் புள்ள" என்றார். செல்லாயி அன்று கேலி பேசாமல் பாயை விரித்துப் போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலக் கறவைக்குப் போகும் வழியில், வண்டி பழக்கத்தில் உண்ணாமலை வீட்டு முன்னால் வேகம் குறைந்தது. வாசலில் துணிக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் நைலான் கயிறு. சுட்டியைக் கட்டியிருந்த கயிறு அது, அவருக்குத் தெரியாதா. ஒரு முனையை வேப்பமரத்தில் முடிந்துவிட்டு, மிச்சத்தை அறுக்க முடியாமல் கல்லால் நசுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நல்லதாப் போச்சுங்ண்ணா. அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க."

வண்டியை நிறுத்தி இறங்கினார். டவுசர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கத்தரி நைலானை மெல்லுமே தவிர வெட்டாது, பெரிய அலகுதான் வேண்டும். எட்டு மாதமாகத் திறக்காத அலகு நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கறையோடு வெளியே வந்தது. உண்ணாமலை அதைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைப்பார் என்று ஓர் எட்டுத் தள்ளி நின்றாள்.

குழந்தைவேல் குனியவில்லை. கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி, கத்தியை நேராக அவள் கைக்கு நீட்டினார்.

சண்டை வரும் என்று கைக்குக் கை கத்தி கொடுக்காத ஆளோடு இருபது வருஷம் பழகினவள், புரியாமல் போகுமா. நீட்டிய கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கையை நீட்டவில்லை.

"கீழ வைங்கண்ணா, எடுத்துக்கறேன்."

"பரவால்ல அம்மிணி, கையிலயே வாங்கிக்க."

"வேண்டாமுங்ண்ணா. கீழ வைங்க."

வண்டியில் காலிக் கேன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார்.