காற்றுக்கு அஞ்சும் கொம்புக்காரர்

பேருந்தில் ஏறியதும் ராதோமிர் உட்கார மாட்டார். முதலில் ஒவ்வொரு ஜன்னலாக இழுத்துச் சாத்துவார். ஜூலை வெயிலில் கூரைத் தகரம் கொதித்தாலும் சரி. "ரெண்டு பக்கமும் திறந்து வெச்சா சவப்பெட்டிக்கு அளவு கொடுத்த மாதிரி" என்பார். செர்பியாவில், எங்கள் சாச்சக் ஊர்ப் பக்கத்தில் இதற்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. குறுக்குக்காற்று வாயைக் கோணலாக்கும், இடுப்பைப் பிடிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவு ஜாக்கிரதை வேறு யாரிடமும் கிடையாது. கழுத்தில் எப்போதும் துண்டு. தலைமுடி காயாமல் வாசற்படி தாண்ட மாட்டார்.

இவர் என் மருமகன், மகள் தெசாங்காவைக் கட்டியவர். தொழில், கல்யாணங்களில் பித்தளைக் கொம்பு ஊதுவது. உடம்பைச் சுற்றி வந்து தோளுக்கு மேலே வாய் பிளந்து நிற்குமே, அந்தப் பெரிய கொம்பு. அடிச்சுருதியில் இவர் ஊதினால்தான் மேலே எக்காளங்கள் தைரியமாகத் துள்ளும். கன்னம் உப்பும்போது கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

அப்படிப்பட்டவர் இந்த வசந்தத்தில் ஒரு கல்யாணத்தில், ஆட்டத்தின் நடுவே, நின்றபடியே தூங்கிவிட்டார். கொம்பு நின்றது. ஆடியவர்களின் கால்கள் பின்னின. மணப்பெண்ணின் பெரியப்பா வறுத்த பன்றித் தட்டின் மேல் போய் உட்கார்ந்தார். குழுவை நடத்தும் மிலேன்கோ, இவருடைய பால்ய நண்பன், தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "குடிச்சிட்டுத் தூங்கியிருந்தா மன்னிச்சிருப்பேன்டா. குடிக்காமயே தூங்குறியே! உடம்பைப் பார்த்துட்டு வா. அதுவரைக்கும் கொம்பு என் வீட்ல இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் கொம்பு நின்றிருந்த மூலையில் ஒரு முக்காலி வைக்கக்கூட ராதோமிர் எங்களை விடவில்லை.

தெசாங்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "குறட்டை கேட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்மா. அது நிக்கும்போதுதான் பயமா இருக்கு. மூச்சே இல்லாம கிடக்கிறார். முழங்கையால இடிச்சாத்தான் திரும்ப வருது."

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்துச் சோதித்தார்கள். மார்பில் பட்டை, விரலில் கவ்வி, மூக்கடியில் மெல்லிய குழாய். காலையில் நானும் தெசாங்காவும் போனபோது நர்ஸ் புலம்பினாள்: "ஒயரெல்லாம் மாட்டின கையோட எழுந்து எழுந்து ஜன்னலைச் சாத்துறார், பாட்டி!"

முடிவைச் சொன்ன டாக்டர் சின்னப் பெண்.

"ஐயா, தூக்கத்துல உங்க மூச்சு மணிக்கு நாற்பது தடவை நிக்குது."

"என் மூச்சா? நான் ஊதினா மலைக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கும்மா! வேற யாரோட காகிதத்தையோ பார்க்கிறீங்க."

"முழிச்சிருக்கும்போது ஊதுறீங்க, சரி. தூங்கினா தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைச்சிடுது. மூச்சு கிடைக்காம ராத்திரி பூரா உடம்பு உங்களை உசுப்பிக்கிட்டே இருக்கு. அப்புறம் பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்?" மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் நுனியில் மூக்குக்கு ஒரு மூடி. "இது விடியற வரைக்கும் மூக்குல காத்தை ஊதும். தொண்டை மூடாது."

ராதோமிர் கழுத்துத் துண்டை இறுக்கினார். "காத்தா? ராத்திரி பூரா? மூஞ்சியிலயா? அத்தை, எழுந்திருங்க, போகலாம்."

நானும் எழுந்துவிட்டேன். வேறென்ன செய்ய? அந்த நேரம் யாரோ கதவைத் திறக்க, ஜன்னல் திரை படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

ராதோமிர் மறுபடி உட்கார்ந்தார். "நீங்களுமா?"

"என்னை என்ன காட்டுலயா வளர்த்தாங்க?" என்றாள். "ஐயா, குறுக்குக்காத்துன்னா ரெண்டு பக்கமும் திறந்திருக்கணும். இது மூக்கு வழியா மட்டும்தான். நீங்க வாயை மூடிட்டுத் தூங்குங்க. எதிர் ஜன்னலைச் சாத்தின மாதிரி."

அவர் வாயை மூடி, மூக்கால் மட்டும் மூச்சிழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க, அத்தை?"

"மிலேன்கோ வீட்டுல கொம்பு தூசி படிஞ்சு கிடக்கு" என்றேன்.

சண்டைக்குப் போய் வந்த ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதற்கு ஆயுசு முழுக்கப் பயந்தாரோ அதையே மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கப் போன ஆண் இவர் ஒருவர்தான். முதல் வாரம் அந்த மூடியைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், என்னையும் திட்டினார். ஆனால் ஒரு ராத்திரிகூடக் கழற்றவில்லை. காலையில் முகம் தெளிந்து வந்தது. மேசையில் தலை சாய்வது நின்றது. அறுவடைக்கு முன்பே மிலேன்கோ கொம்பைத் தோளில் சுமந்து வந்து மூலையில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போதும் படுக்குமுன் ஜன்னலைச் சாத்தி, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தீக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் பிடிப்பார். "அத்தை, உங்க கண்ணு நல்ல கண்ணு. தீ ஆடுதா பாருங்க."

"ஆடலை மாப்பிள்ளை. படுங்க."

கொம்பும் இரண்டு பக்கம் திறந்ததுதானே என்று அதன் வாயில் தன் தொப்பியைத் திணிப்பார். கட்டிலில் உட்கார்ந்து மூடியை மாட்டி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, பெட்டியின் விசையைத் தாமே அழுத்துவார்.