அம்மா நீட்டிய கை

எங்கள் பழைய அம்பாசிடர் காருக்கு நேற்று புது ஃப்ளாஷர் மாட்டினேன். இண்டிகேட்டர் ‘டிக் டிக்’ என்று மின்னியதும் சித்தியின் பிரசவ நாள் ஞாபகம் வந்தது.

அப்பா அன்று வெளியூரில் இருந்தார். வலியில் துடித்த சித்தியைப் பின்சீட்டில் படுக்கவைத்து, புதிதாகக் கார் ஓட்டப் பழகியிருந்த அம்மாவே செட்டிகுளத்திலிருந்து கிளம்பினாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இண்டிகேட்டர் மின்னவில்லை. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அம்மா பதறாமல் கையை வெளியே நீட்டினாள். லாரி வேகம் குறைந்து வழிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், “வண்டிய ஓரமா விடணும், டிரைவர் எங்கங்க?” என்று கேட்டார்.

“நான்தாங்க,” என்றாள் அம்மா.

அதன்பிறகு ஊரில் யாருக்கு அவசரமென்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

நேற்று அம்மா வந்து பார்த்தாள். “சரியாயிடுச்சா? எறங்குடி, நான் ஓட்டிப் பாக்குறேன்.”