புது டயரில் வைத்த கத்தி

இடியாப்பம் பிழிந்துவிட்டதுபோல் கறுப்பு ரப்பர் இழைகள் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் முழுக்கச் சுருண்டு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் மதினியும் வந்தபோது, அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுப்பில் காய்ச்சிய வளைந்த கத்தியால் ஒரு டயரின் பள்ளங்களை வெட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்த டயர் இல்லை. முந்தின நாள் கடையிலிருந்து வந்த புது டயர். ரப்பர் கருகிய புகையில் மதினியின் இடுப்பிலிருந்த குழந்தை இருமியது.

அண்ணன் பல காலம் லாரி ஓட்டியவர். தொண்ணூறுகளின் பின்பாதியில் லாரியை விட்டுவிட்டு, பழைய கார் ஒன்றை வாங்கி திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக்கு நிறுத்தினார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். கார் வந்த பிறகு முதன்முதலாகப் புது டயர் வாங்கப் போனபோது நாங்களும் கூடப் போயிருந்தோம். கடைக்காரர் டயரை உருட்டி வந்து நிறுத்தியதும் அண்ணன் ஆள்காட்டி விரலைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார்.

"என்னப்பா, நகங்கூட முங்கல?"

"லாரிக்கு முங்கும்ணே. காருக்கு இம்புட்டுத்தான். புது டயர்னா எட்டு மில்லி, முன்னப்பின்ன இருக்கும்."

"எனக்கேவா? நான் பால்குடி மறந்ததே லாரிக்கு அடியிலதான்யா."

"அதுக்காக யானைச் செருப்ப ஆட்டுக்குட்டிக்கு மாட்ட முடியுமாண்ணே?"

"நீ ஆட்டுக்குட்டிக்குன்னு சொல்லி முயல் செருப்பத் தர்றியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அண்ணனுக்குப் பட்டுவிட்டது. கடைக்காரர் பொறுமையாக, பள்ளத்துக்குள் அங்கங்கே இருந்த சின்ன மேட்டையும் காட்டினார். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும், அதற்கான அடையாளம் அது என்றார். அண்ணன் அதை நம்பவில்லை. பள்ளத்தை ரப்பர் வைத்து அடைத்து ஏமாற்றியிருக்கிறான் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். அவர் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. லாரியில் இருந்தபோது, தேய்ந்த டயரைக் கத்தியால் வெட்டி மை பூசிப் புதுசு என்று அவர் தலையில் ஒருவன் கட்டியிருக்கிறான். அதற்காக முதலாளியிடம் பட்ட அவமானம் அவருக்குள் ஆறாமலே இருந்தது.

"கடைக்காரரு அத்தனை தடவ சொன்னாருங்களே," என்று மதினி கொல்லைப்புறத்தில் கெஞ்சினார். மதினி நெய்க்காரப்பட்டிப் பக்கம். கோபத்திலும் மரியாதை குறையாது. "புதுச் சட்டை எடுத்துட்டு வந்து யாராச்சும் கிழிச்சுத் தைப்பாங்களா?"

"ஒனக்கு வெஞ்சனம் தெரியும். டயர் தெரியுமா? போ, போயி சோத்தப் பாரு."

அடையாளமாக இருந்த மேடுகளையும் சேர்த்து அவர் செதுக்கி எடுத்துவிட்டார். லாரி டயரில் ரப்பர் கனமாக இருக்கும்; சிலவற்றை வெட்டி ஆழப்படுத்தி ஓட்டலாம். கார் டயரில் பள்ளத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர்தான், அதன் கீழே டயரைத் தாங்கும் நூலடுக்கு. புது டயரில் பள்ளம் குறைவாகத் தெரிந்தால், இன்னொரு கார் டயரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

தாடிக்கொம்பு கோயிலுக்குச் சவாரி போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று மதினியிடம் கேட்டார். அடுத்து எங்களை ஏற்றிக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்பினார். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது உச்சி வெயிலில் முன் டயர் வெடித்தது. இரண்டு புளியமரங்களுக்கு நடுவே பாய்ந்து கார் வெங்காயக் காட்டுக்குள் போய் நின்றது. குழந்தையை மார்போடு அணைத்துக் குனிந்துகொண்டதால் மதினியின் தோளெலும்பு முறிந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு, "ரோட்டுல கல்லு," என்றார். கத்தி ஓடிய பள்ளத்தின் வழியே டயர் பிளந்து நூல் பிதுங்கியிருந்ததை நான் பார்த்தேன். கையைப் பிடித்தபடி மதினியும் பார்த்தார்.

தோள் கூடிய பிறகும் மதினி அந்தக் காரில் ஏறவில்லை. அண்ணன் நான்கு டயரும் புதிதாக மாற்றினார். "வந்து தொட்டுப் பாரு, கத்தியே வைக்கல," என்றார். மதினி தொட்டும் பார்க்கவில்லை. ஊரில் யார் யாரோ நம்பி ஏறிய காரில் அவர் மனைவி மட்டும் ஏறவில்லை. மதினியின் அம்மா இறந்த அன்று அண்ணன் கார்க் கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்றார். மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே அண்ணனின் கார் காலியாக வந்துகொண்டிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும் ஓடிவந்து சன்னல் வழியே குழந்தைக்குப் பன்னும் தண்ணீரும் கொடுத்தார். மதினி வாங்கிக் குழந்தைக்கு ஊட்டினார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோவமா மதினி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல பாப்பா. டயர் வெடிக்கிறது யாருக்கும் வெடிக்கும். யாரு சொன்னாலும் கேக்காத மனுசன் ஓட்டுற வண்டியில பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எப்படி உக்கார்றது?"

அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள். சமீபத்தில் டயர் மாற்றப் போனபோது எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் சின்னக் கருவி ஒன்றைப் பள்ளத்தில் வைத்து அளந்து காட்டினார்கள். "புதுசுக்கே இவ்வளவுதானா?" என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள். அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது. கார் ஓட்டுவதை விட்டு நாளாகிறது. ஓரமாக உட்கார்ந்திருந்தவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுத்தாம்மா. அன்னைக்கும் ஒருத்தர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. ஒங்கம்மாவும் சொன்னா. நாந்தான் கேக்கல."

பக்கத்தில் நின்ற மதினி, "இதச் சொல்றதுக்குக் கண்ணு போக வேண்டியிருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

டயர் மாட்டி முடிந்ததும் மகள் வண்டியை எடுத்தாள். அண்ணன் முன்னால், நானும் மதினியும் பின்னால். மதினி முன்சீட்டில் இருந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.