முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட மீன்

நல்லையாவைப் போல ஓர் அப்பாவியை நான் பார்த்ததில்லை. அப்பாவிகள் மீது எனக்கு இரக்கம் கிடையாது. ஊரைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில்தான், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், அவர் இருந்தார். பதுளை பஸாரில் அஸீஸ் முதலாளியின் அலங்கார மீன் கடையில் பதினோரு வருஷம் தொட்டி கழுவினார். முதலை மூஞ்சியோடு விரல் நீளக் குஞ்சாக வந்த ஒரு மீனை அவரே தீனி போட்டுக் கை நீளத்துக்கு வளர்த்தார். பிள்ளையில்லாத மனிதர், அதற்கு ராசா என்று பெயர் வைத்தார். தீனி நேரத்தில் தகரக் குவளையால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். ராசா மேலே வந்து வாயைத் திறக்கும்.

அந்த வகை மீனை இனி யாரும் வளர்க்கக் கூடாது என்று அரசாங்க அறிவித்தல் வந்தது. ஆற்றுக்குத் தப்பினால் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடுமாம்.

"விக்கவும் ஏலா, வெச்சிக்கவும் ஏலா. அடிச்சிப் பொதச்சிரு" என்றார் அஸீஸ். "கொளத்துல கிளத்துல உட்டுறாத. ஒரு மீனும் மிஞ்சாது."

"சரிங்க மொதலாளி" என்று தலையாட்டிவிட்டு, நல்லையா அதை ஈரச் சாக்கில் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முனியாண்டி கோயிலுக்குக் கீழே உள்ள குளத்தில் விட்டார். சும்மா விடவில்லை. சேவலை நேர்ந்துவிடுவது போல மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, சாமிக்கு நேர்ந்துவிட்டார். அப்படி விட்ட உயிரை எங்கள் தோட்டத்தில் யாரும் தொடமாட்டோம். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருஷத்தில் குளம் வெறுமையாகிப் போனது. கெளுத்தி போயிற்று, விரால் போயிற்று, பிறகு தவளைச் சத்தமும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். சாமி சொத்தில் கைவைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

மழை பிடித்தது. குளம் நிரம்பி ஓடைக்கு வழிவதற்கு முன் அதைப் பிடிக்க, செய்தி எட்டிய மீன்பிடி இலாகா அதிகாரிகள் வந்தார்கள். ராசா வலையைக் கிழித்துக்கொண்டு அடியில் பதுங்கியது. மீனைக் கொல்லக் குளத்துக்கு மருந்து ஊற்ற வேண்டும் என்றார்கள். கீழ் லயத்துக்குக் குடிதண்ணீரே அங்கிருந்துதான் போகிறது.

"நீங்க கூப்பிட்டா வரும்" என்றாள் நல்லையாவின் மனைவி அங்கம்மா. "நேந்துவிட்ட கைதான் வெட்டணும். வேற கை பட்டா லயத்துக்கு ஆகாது."

"என்னால முடியாது புள்ள."

"அப்ப கீழ் லயத்துப் புள்ளைங்க மருந்துத் தண்ணிய குடிக்கட்டுமா?"

ஒரு கையில் தகரக் குவளை, மறு கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அவர் இறங்கினார். கல்லில் மூன்று தட்டு. தண்ணீர் அசையவில்லை. "வந்துராத ராசா" என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது. அங்கம்மா மேலேயிருந்து அதட்டினாள். மறுபடி தட்டினார்.

ராசா வந்தது. அவர் காலடியில் வாயைத் திறந்தது. வெறுங்கையோடு அதை அவர் கூப்பிட்டதே இல்லை. மடியிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்து அதன் வாயில் வைத்துவிட்டுத்தான் வெட்டினார்.

முதல் வெட்டில் அது சாகவில்லை. விலகிப் போகவும் இல்லை. நான்கு வெட்டு வேண்டியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் கரையில் நின்று பார்த்தோம். உதவிக்கு ஒருவரும் இறங்கவில்லை. நேர்ந்துவிட்ட உயிரல்லவா.