உணவுதானுங்க, மருந்தில்லை

அக்கா விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பிள்ளைகூட அப்படியே நின்றுவிடும். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். ஐம்பதை நெருங்கியும் மாத்திரை என்று ஒன்றை விழுங்கிப் பார்த்திராதவள். தலைவலித்தால் ஒரு காப்பி, காய்ச்சல் என்றால் ஒரு கஞ்சி, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வறட்சி வருடங்களில் ஒன்று அது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த அன்று குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் கையைவிட மனதுதான் அதிகம் அடிபட்டிருந்தது. கோயில் மண்டபத்தில் எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து, "எலும்பு லேசா தேஞ்சிருக்கும்மா" என்று சொல்லி, தினம் போட ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், வாரத்துக்கு ஒரு முறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் டி பொட்டலமும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு என்றுதான் சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்தார்கள். கை வலிக்கிற வாரம் இரண்டாகவும் குடித்தாள்.

அதே பள்ளியில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த கணக்கு டீச்சர் ஒருத்தி இருந்தாள். ஆள் சேர்த்து விற்கிற கம்பெனி ஒன்றின் சத்துமாவு டப்பாக்களை வைத்திருந்தாள். கனிவான பேச்சு.

"டீச்சர், இது மருந்தில்லைங்க, உணவுதானுங்க. எம்புட்டு சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாதுங்க. எங்க வீட்ல எல்லாரும் இதத்தான் குடிக்கிறோம்."

அவள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் குடித்தார்கள்தான். அக்கா காலையும் மாலையும் அந்த மாவைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்து அத்தானின் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தார். அண்ணிக்கு எலும்பு முறிந்ததைக் கேட்டு, பெரிய பாட்டிலில் தங்க நிறக் குளிகைகள் வாங்கி வந்திருந்தார். "அங்க எல்லாரும் இதத்தான் போடுறாக, அண்ணி." அதையும் தினம் ஒன்று போட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியும் ஊறுகாயும் இருந்த இடத்தை டப்பாக்கள் பிடித்துக்கொண்டன.

முதலில் தாகம் வந்தது. குடிதண்ணீர் பத்து நாளைக்கொரு முறை வருகிற ஊரில், அவள் தலைமாட்டில் ஒரு சொம்பு போய்க் குடமே வந்தது. வகுப்புக்கு நடுவில் பாத்ரூமுக்கு ஓடினாள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான், சர்க்கரை. ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இல்லை என்று வந்ததும் அத்தான் இனிப்பு வாங்கி வந்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே தின்றோம். அதன் பிறகு தாகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு வயிறு கட்டிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. நெஞ்சு கரிக்கிறது என்று கடையில் கேட்டு, மென்று தின்கிற ஜெலுசில் மாதிரி ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி மிட்டாய் போலத் தின்றாள். அதிலும் சுண்ணாம்புச் சத்துதான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கணக்கு டீச்சரிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல அறிகுறிங்க டீச்சர். உள்ள இருக்கற கழிவெல்லாம் வெளிய போகுதுங்க. இப்ப விட்ராதீங்க."

அக்கா விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது அவள் மைதானத்தின் நடுவே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, வா, வீட்டுக்குப் போவோம்."

என்னைப் பார்த்தாள். யாரோ தெரிந்த முகம், எங்கே பார்த்தோம் என்று யோசிப்பது போல் இருந்தது.

"இந்தப் பிள்ளைகள எதுக்குடி நிக்க வச்சிருக்காக?" என்றாள்.

அவள்தான் நிற்க வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். அன்று சாயங்காலமே வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அத்தான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

ரத்தத்தைப் பார்த்த டாக்டர், வயதில் சின்னவர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "மருந்து எதுவும் கிடையாது சார்" என்றார் அத்தான். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். "மருந்து வேணாம். தினமும் வாயில போடுற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அத்தான் ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்தார். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, லேபிளைப் படித்து, கட்டிலின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வந்தார். மாவில் சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி. மாத்திரையிலும் அதுவே. குளிகையில் வைட்டமின் டி, அதுவும் ரொம்பக் கூடுதலாக. பொட்டலத்தில் அதைவிடக் கூடுதல். நெஞ்சு கரிப்புக்குத் தின்றதில் மறுபடியும் சுண்ணாம்பு.

"தனித்தனியா எதுவும் விஷம் இல்ல. எல்லாம் ஒரே உடம்புக்குள்ள போயிருக்கு. ரத்தத்துல சுண்ணாம்பு ஏறி மூளையக் குழப்பியிருக்கு. கிட்னியும் அடி வாங்கியிருக்கு" என்றார். "நிறுத்தினாலும் உடனே இறங்காது. அந்த வைட்டமின் கொழுப்புல தங்கி மெல்ல மெல்லத்தான் வெளிய வரும்."

அப்படித்தான் ஆயிற்று. பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அவள் உடம்புக்குள் அது வேலை செய்துகொண்டே இருந்தது. ஒரு நாள் தெளிவாகப் பேசுவாள், மறுநாள் என் பெயரை மறப்பாள். எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் அது இருந்தது.

கணக்கு டீச்சர் பார்க்க வந்தாள். கையில் புது டப்பா. நான் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் டப்பாவை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாங்களும் குடிக்கறோமுங்களே. எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களே" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. போகும்போது டப்பாவை எங்களுக்கு வைத்துவிட்டும் போகவில்லை. மடியிலிருந்ததை அணைத்தபடியே போய்விட்டாள்.

அக்கா தெளிந்து வீடு திரும்பினாள். ஞாபகம் முழுசாக வந்தது. ஆனால் கிட்னி முழுசாகத் திரும்பவில்லை. மைதானத்தில் நிற்க முடியாமல் நூலக வேலைக்கு மாற்றினார்கள். ஒருமுறை அவளிடம் யார்மேல் கோபம் என்று கேட்டேன்.

"யாரைடி சொல்லுவேன்? எல்லாரும் என் நல்லதுக்குத்தான குடுத்தாக. நானும் எனக்கு நல்லதுக்குத்தான தின்னேன்."

சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்க மதுரைக்குப் போவோம். முடிவு வருகிற வரை அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் இரண்டு தடவை கிட்னி அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை என்றார்கள். அடுத்த தடவை டாக்டர் காகிதத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கிட்னி கெடுவதைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவு மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.